ஆசானுக்கு ஒரு குறுக்குவலிக்காரன் எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசானுக்கு,

கண்ணில் புரை விழுந்த பிறகு நீங்கள் எதையும் வாசிப்பதில்லை என்று தெரியும். பேத்தி வாசித்துக் காட்டட்டும். அவளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். "எம்பேர அச்சடிச்சுப் போட்டா பொறவு இஞ்ச வராத, கேட்டியா" என்று மிரட்டியிருக்கிறீர்கள். அதனால் உங்கள் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. கல்குளம் வட்டத்தில் ஒரு கிராமம், ஓட்டு வீடு, திண்ணையில் மரக்கட்டில், வாசலில் நொச்சிப் புதர். இதை வைத்துக்கொண்டு யாரும் உங்களைக் கண்டுபிடித்துவிட முடியாது. அந்தப் பக்கம் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய.

தனியாக ஒரு கார்டு போட்டிருக்கலாம். ஊரறிய எழுதக் காரணம் இருக்கிறது. சிவகாசியில் என் கதையை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். "நாரோயில் பக்கம் போனான், ஆசான் முதுகுல ஒரே தட்டு, எழுந்து ஓடி வந்துட்டான்" என்கிறார்கள். அந்தத் தட்டைத் தேடி எங்கள் தெருவிலிருந்து இதுவரை மூன்று பேர் கிளம்பிவிட்டார்கள். ஒருவர் எங்கோ போய் யாரிடமோ தட்டு வாங்கி, வலி கூடித் திரும்பி வந்திருக்கிறார். நீங்கள் என்னைத் தட்டவே இல்லை. நடந்ததைச் சரியாகச் சொல்லாமல் நன்றி சொன்னால் அது உங்களுக்குச் செய்கிற கெடுதல்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் காலண்டர் பக்கம் கட்டுகிறவன். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகும். அன்று நாற்காலியில் உட்கார்ந்தால் மார்கழிக்குத்தான் எழுந்திருக்கிறது. நல்ல நேரம், எமகண்டம், சந்திராஷ்டமம் என்று ஒவ்வொரு தாளாகத் திருத்தி, அதற்குள் ஜவுளிக்கடைக்காரருக்கு அவர் அப்பா போட்டோவைப் பெரிதாக்கிக் கொடுத்து, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், நெருக்கடியில் பதினான்கு. 2015 தீபாவளிக்கு முந்தின வாரம் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. பேப்பர் பண்டல் தூக்கும்போது பிடித்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது கௌரவமாக இருந்திருக்கும். பேனா!

அதன் பிறகு ஆறரை வருடம். எங்கள் தெருவில் காலால் பிறந்த அத்தை ஒருத்தி உண்டு. அவள் மிதித்தால் குறுக்குப் பிடிப்பு போகும் என்பது ஊர் நம்பிக்கை. வாசற்படியில் குப்புறப் போட்டு மூன்று மிதி மிதித்தாள். அப்புறம் ஸ்ப்ரே, பெல்ட், இடுப்பில் எடையைக் கட்டி இழுக்கிற சிகிச்சை, கலர் கலராய் மாத்திரை, மூன்று வாரம் வெறுந்தரையில் படுக்கை. படுக்கையில் கிடந்தால் வலி சீக்கிரம் போய்விடாது என்பதை அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டே 203 பேரை வைத்துப் பார்த்துவிட்டார்கள். இரண்டு நாள் படுத்தவர்களைவிட ஏழு நாள் படுத்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை, வேலைக்கு லீவு போட்டதுதான் மிச்சம். அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேர முப்பது வருடம் போதவில்லை.

எல்லாவற்றையும்விட என்னைப் படுக்க வைத்தது ஒரு சொல். ஒரு பெரிய மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பேனா முனையால் ஒரு கறுப்புப் புள்ளியைச் சுட்டி, "எல்4, எல்5 ஜவ்வு பிதுங்கியிருக்கு. தேய்மானம். இனிமே குனியாதீங்க, எதையும் தூக்காதீங்க" என்றார் மருத்துவர். நாலு நிமிடம் இருக்கும். நான் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டேன். செருப்பைக் காலாலேயே துழாவி மாட்டினேன். பஸ்ஸில் வேகத்தடை வந்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமி கும்பிட்டேன். அப்போது என் மகனுக்கு இரண்டு வயது. எட்டரை வயது வரைக்கும் அவனை ஒருமுறைகூடத் தூக்கவில்லை.

2022 சித்திரையில், தொழில் மந்தமான மாதத்தில், பேப்பர் லோடு கொண்டு வந்த மார்த்தாண்டத்து டிரைவர் ஒருவர் உங்கள் வர்ம வைத்தியத்தைப் பற்றிச் சொன்னார். ஆரல்வாய்மொழி தாண்டும்போது காற்றாடிகள் எல்லாம் எனக்காகச் சுற்றுவதாக நினைத்துக்கொண்டேன். அவ்வளவு நம்பிக்கை. அதற்கு ஒரு காரணம் சினிமா. 1996இல் 'இந்தியன்' வந்ததிலிருந்து வர்மம் என்றால் இரண்டு விரலை நீட்டிக் குத்துவது என்றே எங்கள் தலைமுறைக்குப் பதிந்துவிட்டது. ஆளை விழுத்தாட்டுகிற விரல் ஆளை எழுப்பவும் செய்யும் என்று கணக்குப் போட்டு வந்தேன். இதைச் சொன்னபோது நீங்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அந்தப் படம் வந்தப்பொறவு இஞ்ச வாற பயலுவ எல்லாம் எங்கையத்தான் பாக்கானுவ, நான் சொல்லுதது ஒண்ணும் கேக்க மாட்டானுவ" என்றீர்கள்.

முதல் நாள் நீங்கள் கையை நீட்டவே இல்லை. கேள்விதான் கேட்டீர்கள். ஒண்ணுக்கு வந்தால் தெரிகிறதா, அடக்க முடிகிறதா? உட்காருகிற இடம் மரத்துப் போகிறதா? சாயங்காலமானால் காய்ச்சல் உண்டா? ராத்திரி வேர்க்கிறதா? உடம்பு மெலிந்திருக்கிறதா? குதிகாலால் நடக்கச் சொன்னீர்கள், பிறகு முன்பாதத்தால். மல்லாக்கப் படுக்க வைத்து ஒவ்வொரு காலாக மடக்காமல் மேலே தூக்கி, எந்த உயரத்தில் நான் முகம் சுளிக்கிறேன் என்று பார்த்தீர்கள். எனக்கு எரிச்சல். வர்மம் பார்க்க வந்தவனிடம் மூத்திரத்தைப் பற்றிப் பேசுகிறாரே கிழவர் என்று நினைத்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கேள்விகளின் கனம் நாலாம் நாள் புரிந்தது. கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை ஆட்டோவில் கூட்டி வந்தார்கள். இரண்டு மாதமாக முதுகுவலி, தினமும் மாலையில் காய்ச்சல், ஆள் பாதியாகியிருந்தாள். நீங்கள் எண்ணெய்க் கிண்ணத்தை அப்படியே மூடி வைத்துவிட்டு, "இது என் கையில நிக்காது, இப்பவே ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று அதே ஆட்டோவைத் திருப்பி அனுப்பினீர்கள். முதுகெலும்பில் காசநோய் என்று பிறகு தெரிந்தது. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுத் தேறிவிட்டாள் என்று பேத்தி சொன்னாள். அன்று அந்த முதுகை யாராவது பிடித்து முறுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. மூத்திரக் கேள்வியும் அப்படித்தான். அடிமுதுகில் நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்கினால் மூத்திரக் கட்டுப்பாடு கெடும். அதற்கு எண்ணெயும் இலையும் உதவாது, அன்றைக்கே ஆபரேஷனுக்கு ஓட வேண்டும். தட்டு வாங்கி வந்த எங்கள் தெருக்காரரிடம் விசாரித்தேன். அவரிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம்.

முதல் நாளே எம்.ஆர்.ஐ. படத்தைக் கொடுத்தேன். நீங்கள் வாங்கவில்லை, பேத்தியிடம் காட்டச் சொன்னீர்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "அண்ணே, ஒங்க வயசுல வலியே இல்லாத ஆளப் படம் எடுத்தாலும் இதுதான் இருக்கும்" என்றாள். சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகு அவள் அனுப்பியதைப் படித்தேன். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு. முதுகுவலி இல்லாத 3,110 பேரின் படங்களைப் பார்த்திருக்கிறார்கள். நாற்பது வயதினரில் 68 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம், 50 சதவீதம் பேருக்குப் பிதுக்கம். இருபது வயதிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம் உண்டு. வலி இல்லாமல் நடமாடுகிறவர்களின் கணக்கு இது! ஆறரை வருடம் நான் பயந்து நடுங்கிய புள்ளி, எதிர்வீட்டுக்காரன் முதுகிலும் இருந்திருக்கிறது. அவன் அதைத் தூக்கிக்கொண்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான்.

நீங்கள் சதவீதம் எதுவும் சொல்லவில்லை. என்னை அடுக்களைப் பக்கம் கூட்டிப் போய் அம்மியைக் காட்டினீர்கள். நடுவில் கை வைத்தால் அமிழ்கிற அளவுக்குக் குழி. "எங்கம்ம அரைச்சது. தேஞ்சிருக்கா? இன்னைக்கு மீனுக்குத் தேங்கா அரைச்சது இதுலதான். தேஞ்சா அரைக்காதுன்னு ஒனக்கு எவன் சொன்னான்?"

அன்று ராத்திரி லாட்ஜில் செருப்பைக் குனிந்து கழற்றிப் பார்த்தேன். வலித்தது. ஆனால் கழற்றிவிட்டேன்.

சிகிச்சை மறுநாள் விடியலில் தொடங்கியது. எண்ணெய் சூடாக்கும் வாசனை, கட்டிலில் விரித்த கோரைப்பாய். குறுக்கில் கை வைப்பீர்கள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். நீங்கள் உள்ளங்காலில் தொடங்கினீர்கள். பிறகு கெண்டைக்கால், முழங்காலின் பின்குழி, தொடை, புட்டம். வலிக்கிற இடத்துக்கு உங்கள் விரல் வந்து சேர நாலு நாள் ஆயிற்று. அதற்குள் என் உடம்பு உங்கள் கையைப் பார்த்து விறைப்பதை நிறுத்தியிருந்தது. வீட்டு வாசலுக்கு வந்த நாயோடு பழகுகிறவர்கள் இப்படித்தான் பழகுவார்கள், தூரத்தில் உட்கார்ந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

சித்த மருத்துவத்தில் தொக்கணம், அதாவது உடம்பைப் பிடித்துவிடுவது, ஒன்பது வகை என்று பேத்தி ஒப்பித்தாள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். புற மருத்துவம் முப்பத்திரண்டில் தொக்கணம் ஒன்று என்றும் சொன்னாள். "ஒம்போதும் இவனுக்கு வேண்டாம், நாலு போதும்" என்றீர்கள். எந்த நாலு என்று கேட்டதற்கு, "படிச்சது அவ, அவகிட்ட கேளு." பட்டியலில் முதலில் வருவதே தட்டல்தான். அதை நீங்கள் எனக்குச் செய்யவில்லை என்பதைச் சிவகாசிக்காரர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

எண்ணெய் முடிந்ததும் இலைக்கிழி. நொச்சி, ஆமணக்கு, வாதநாராயணன் இலைகளை நறுக்கி, தேங்காய்த் துருவலும் எலுமிச்சையும் சேர்த்து எண்ணெயில் வதக்கி, துணியில் முடிந்து சூடு பார்த்து ஒற்றுவார்கள். அந்த வாசனைக்கு முதல் நாள் எனக்குப் பசியெடுத்தது. கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரியில் படிக்கும் தோழியிடம் கற்றதாகச் சொல்லி, பேத்தி ஒரு நாள் கடி வஸ்தி போட்டாள். உளுந்து மாவைப் பிசைந்து குறுக்கில் வட்டமாகப் பாத்தி கட்டி, நடுவில் வெதுவெதுப்பான எண்ணெயைத் தேக்கினாள். நீங்கள் வாசலில் இருந்தபடி, "உளுந்தக் களியாக்கி வாயில போட்டாலாவது பலம் உண்டு, முதுகுல அப்புதியா?" என்று சிரித்தீர்கள். அடுத்த நாள் உங்கள் குறுக்குக்கும் ஒரு பாத்தி கேட்டதை அவள் எனக்குக் கண்ஜாடையில் காட்டினாள்.

பத்தியம் பற்றியும் ஒரு வார்த்தை. புளி கூடாது, மரச்சீனி வாயு என்று என்னைத் தடுத்துவிட்டு, மத்தியானம் நீங்கள் மரச்சீனியும் மத்திக் கறியும் சாப்பிட்டீர்கள். "நீங்க மட்டும்?" என்றதற்கு, "எனக்கா குறுக்கு வலி?" என்றீர்கள்.

ஆறாம் நாள் இரவு, பல வருடங்களுக்குப் பிறகு இடையில் விழிக்காமல் தூங்கினேன். ஏன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். மெல்சாக், வால் என்ற இருவர் 1965இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். தண்டுவடத்தில் வலிக்கு ஒரு கதவு இருக்கிறது, தொடுகையும் அழுத்தமும் அந்தக் கதவைச் சாத்த உதவும் என்பது அதன் சாரம். அடிபட்ட இடத்தை நாமே தேய்த்துக்கொள்வது அதனால்தானாம். 2011இல் வெளிவந்த இன்னோர் ஆய்வும் உண்டு. சியாட்டில் நகரத்தில் நாள்பட்ட குறுக்குவலி உள்ள 401 பேர். ஒரு சாராருக்கு இன்ன தசை, இன்ன மூட்டு என்று பார்த்துச் செய்யும் நுட்பமான மசாஜ், இன்னொரு சாராருக்கு உடம்பு தளர மட்டும் நீவுகிற சாதாரண மசாஜ், மூன்றாம் சாராருக்கு வழக்கமான வைத்தியம். பத்து வாரத்தில் மசாஜ் பெற்ற இரு சாராரும் தேறியிருந்தார்கள், ஏறக்குறைய ஒரே அளவில்.

இதை உங்களிடம் சொன்னால் கோபம் வருமா என்று தெரியவில்லை. நூற்றெட்டு வர்மம், அதில் படுவர்மம் பன்னிரண்டு, தொடுவர்மம் தொண்ணூற்றாறு என்கிற கணக்கை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. எந்தப் புள்ளியைத் தொட்டீர்கள் என்று கேட்டபோதெல்லாம் நீங்கள் பேச்சை மாற்றியதும் எனக்குப் பிடிக்கவில்லை. நல்லது என்றால் அதை ஏன் மறைக்க வேண்டும்? அடி வாங்கினால் ஆள் சாகும் என்பதால் மறைத்தார்கள் என்றால், ஆள் பிழைப்பதற்கானதையும் சேர்த்தா மறைக்க வேண்டும்? இந்தச் சண்டை பேத்திக்கும் உங்களுக்கும் நடக்கிறது என்று தெரியும். என் ஓட்டு அவளுக்கு. ஆனால் ஒன்று. ஆறரை வருடத்தில் என் குறுக்கைத் தொட்டுப் பார்த்தவர்கள் உங்களையும் சேர்த்து இரண்டே பேர். மற்றவர்கள் எல்லாம் படத்தைத்தான் பார்த்தார்கள். இன்னொருவர் அந்த அத்தை, அவளும் காலால்தான் தொட்டாள்.

பதினாலாம் நாள் "போதும்" என்றீர்கள். வலி பாதிதான் குறைந்திருந்தது. ஒரு மண்டலம் இருக்கிறேன், பணம் தருகிறேன் என்று கெஞ்சினேன். என் பார்வையில் உங்கள் வைத்தியத்தின் உச்சம் அப்போது நீங்கள் சொன்ன பதில்தான். "எங்கைக்குப் பழகிட்டா ஒங்காலு மறந்துரும். வலி முழுசும் போவாது மக்கா. வரும், போவும். வந்தா கூடவே நட."

அன்றே கிணற்றடிக்குக் கூட்டிப் போனீர்கள். வாளியைத் தூக்கு என்றீர்கள். நான் நின்றேன். "ஜவ்வு..." என்று இழுத்தேன். "சவத்த விடு, தூக்கு." கால் வாளித் தண்ணீர். மறுநாள் அரை வாளி. பிறகு அடிமுறைச் சண்டைப் பயிற்சியின் ஒற்றைச் சுவடு; சின்னப் பயல்களுக்கு முதலில் சொல்லிக் கொடுக்கிற காலடி. முழங்காலை மடக்கித் தாழ்ந்து, இடுப்பைத் திருப்பி, கை வீசி, எழுந்து. நாற்பத்து நாலு வயசுக்காரன் தென்னந்தோப்பில் ஆறு வயசுப் பிள்ளைகளுக்கு நடுவே சுவடு வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பயல் என்னைத் திருத்தினான். கிளம்பும்போது, ஊரில் நல்ல பிசியோதெரபிஸ்ட்டாகப் பார்த்து வாரம் ஒருமுறை போ என்றீர்கள். வழியில் விற்கிற, மேலே எதுவும் எழுதியில்லாத பொட்டலச் சூரணத்தை மட்டும் வாங்கித் தின்னாதே, அதில் என்ன கலந்திருக்கிறான் என்று அகத்தியர் வந்தாலும் சொல்ல முடியாது என்றீர்கள். பணம்? எண்ணெய்க்கும் இலை பறித்த பையனுக்கும் மட்டும் வாங்கினீர்கள். மீதிக்கு வெற்றிலை பாக்கு.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட குறுக்குவலிக்கு ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. 2020 கணக்கில் உலகம் முழுக்க 61.9 கோடிப் பேருக்குக் குறுக்குவலி, 2050இல் அது 84.3 கோடி ஆகலாம் என்று அதில் இருக்கிறது. வலி என்ன என்பதை நோயாளிக்கு விளக்குங்கள், உடற்பயிற்சி செய்யச் சொல்லுங்கள், மசாஜும் முதுகெலும்பை அசைத்துச் செய்யும் கைச் சிகிச்சையும் உதவலாம் என்கிறது. வேண்டாம் என்று ஒதுக்கியவற்றில் இரண்டைப் படித்துவிட்டு நான் சத்தமாகச் சிரித்தேன்: இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுப்பது. நான் காசு கொடுத்து வாங்கியவை. மசாஜுக்கான சான்று அவ்வளவு பலமானதல்ல என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதை மறைத்து உங்களுக்கு மாலை போட நான் விரும்பவில்லை. பேத்தி இதை உங்களுக்கு வாசித்துக் காட்டியதாகவும், அந்த அம்மியைப் பற்றி அதில் எழுதியிருக்கிறதா என்று நீங்கள் கேட்டதாகவும் சொன்னாள்.

மகனுக்கு ஒன்பது வயது முடிந்த அன்று அவனைத் தூக்கினேன். இருபத்து நாலு கிலோ. அந்த வயதில் தூக்கினால் பிள்ளைகளுக்கு வெட்கம். "எறக்கி விடுப்பா, பசங்க பாக்குறாங்க" என்றான். இன்னும் கொஞ்சம் வைத்திருந்துவிட்டுத்தான் இறக்கினேன்.

வலி இன்னும் வருகிறது. சீசனில் நிச்சயம் வரும். வந்தால் எழுந்து அச்சகத்தைச் சுற்றி ஒரு நடை, மெஷின் ஓட்டுகிற தம்பிகள் சிரிக்கச் சிரிக்க நாலு சுவடு, இரவில் வெந்நீர் ஒற்றடம். இரண்டு மூன்று நாளில் போய்விடுகிறது. போகாவிட்டாலும் பயம் வருவதில்லை.

உங்கள் பெருவிரல் மூட்டு வீங்கியிருப்பதாகவும், இப்போதெல்லாம் அழுத்துவது பேத்தியின் முழங்கை என்றும் கேள்விப்பட்டேன். அம்பது வருடமாக ஊர் முதுகையெல்லாம் அழுத்திய விரல். அதற்கு எண்ணெய் போட்டுக்கொள்கிறீர்களா?

போன முறை வந்தபோது, கண் தெரியவில்லை, தேதி பெரிதாக உள்ள காலண்டர் ஒன்று அனுப்பு என்றீர்கள். இந்த வருட ஆல்பம் வந்துவிட்டது. உங்களுக்காக ஒன்றைத் தனியாகப் பக்கம் கட்டியிருக்கிறேன். தேதி மட்டும் உள்ளங்கை அளவு, எமகண்டமும் ராகு காலமும் கிடையாது. தபாலில் அனுப்பினால் மடங்கிவிடும். தை பிறந்ததும் நானே கொண்டு வருகிறேன். அடுக்களைச் சுவரில், அம்மிக்கு மேலே, ஆணி அடிக்க இடம் பார்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் பதினாலு நாள் கிடந்த சிவகாசிக்காரன்